வியன்னாவுக்கு டிக்கெட் யார் எடுத்துத் தருவார்கள்?

கேரள, தமிழக எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். நிலத்தடி நீரில் பிஎச்டி, இரண்டாம் ஆண்டு. அடுத்த ஏப்ரலில் வியன்னாவில் நடக்கும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பச் சொல்லியிருக்கிறார் கைடு. அதே சமயத்தில் பிரான்சில் ஒரு ஆய்வகம், இரண்டு மாதம் வந்து வேலை கற்றுக்கொண்டு போகலாம் என்று மெயில் போட்டிருக்கிறது. "ப்ராஜெக்டில் பணம் இல்லை, நீயே ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கோ என்கிறார் சார். தோப்பை அடமானம் வைக்கட்டுமா என்று அப்பா கேட்கிறார். என்ன செய்யட்டும் அண்ணா?"

அம்மிணி, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: தோப்புப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நானும் வேலந்தாவளத்துக்காரன்தான். முதல்முறை வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனபோது அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தேன். எனக்கு உதவித்தொகை கிடைக்காமல் இல்லை. ஒப்புதல் கடிதம் கையில் இருந்தது. ஆனால் நீ செலவு செய்துவிட்டு வா, பில் கொடு, பிறகு தருகிறோம் என்பதுதான் ஏற்பாடு. திரும்பி வந்து பில் கொடுத்தேன். ஒரு போர்டிங் பாஸின் துண்டுச்சீட்டு இல்லை என்று கோப்பு திரும்பியது. விமான நிறுவனத்திடம் சான்று வாங்கிக் கொடுத்தேன். மேசை மேசையாக நகர்ந்து, எட்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. அடகுக்குக் கட்டிய வட்டிக்கு எந்த பில்லும் கிடையாது. அந்த எட்டு மாதமும் அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

பணம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். அது பாதிக் கேள்விதான். பணம் எப்போது கையில் வரும், அதுவரை யார் கைப்பணம் போடுவது என்பது மீதிப் பாதி. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பாதி கண்ணிலேயே படாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வாய்ப்பை விடுவது அங்கேதான். ஆகவே ஒவ்வோர் உதவியையும் இரண்டு கண்ணோட்டத்தில் பாருங்கள்: எவ்வளவு தருகிறார்கள், முன்னால் தருகிறார்களா பின்னால் தருகிறார்களா.

சரி, வியன்னாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாநாட்டுக்கு இரண்டு கெடுக்கள் உண்டு. எல்லோரும் பார்ப்பது ஜனவரியில் வரும் சாதாரணக் கெடு. பண உதவி வேண்டுபவர்கள் அதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்பே, டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி, சுருக்கத்தை அனுப்பிவிட வேண்டும். சுருக்கம் ஏற்றும் அதே படிவத்தில் உதவி கேட்கும் பகுதி வரும். ரோலண்ட் ஷ்லிச் என்ற பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கான பயண உதவி அது. பதிவுக் கட்டண விலக்கும், பயணச் செலவில் ஒரு பகுதியும் அதில் கிடைக்கும். ஜனவரியில் அனுப்பினால் உங்கள் ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கதவு மூடிவிட்டிருக்கும். எத்தனையோ நல்ல பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கைடு ஜனவரி என்று சொல்லியிருப்பார், டிசம்பர் கெடுவை அவர் பார்த்திருக்க மாட்டார். இந்த ஆண்டின் சரியான தேதியை மாநாட்டுத் தளத்தில் இன்றைக்கே பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இது இந்த ஒரு மாநாட்டின் வழக்கம் மட்டும் இல்லை. பெரிய மாநாடுகள் பலவற்றில் உதவிக்கான கெடு தனியாக இருக்கும், முன்னால் இருக்கும், பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

உங்கள் துறையில் இன்னொரு உதவியும் உண்டு, அதைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. பன்னாட்டு நீரியல் அறிவியல் சங்கம் வசதி குறைந்த நாடுகளின் இளம் நீரியலாளர்களுக்கு ஒரு பயண விருது தருகிறது. அதன் பெயர் சிவபாலன் விருது. இலங்கையில் பிறந்த, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் முருகேசு சிவபாலன் பெயரில் அமைந்தது. அந்தச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போகத்தான் அது, வியன்னாவுக்கு அல்ல. ஆனாலும் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு உதவும். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் டிசம்பரில் நடத்தும் கூட்டத்துக்கும் மாணவர் பயண உதவிகள் உண்டு. அதில் பெர்க்னர் பெயரிலானது, உலக வங்கிப் பட்டியலில் வருமானம் குறைந்த நாடுகள், கீழ்நடுத்தர வருமான நாடுகள் என்று வரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கானது.

அடுத்து நம் அரசுப் பணம். செர்ப் என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அறிவியல், பொறியியல் ஆய்வுகளுக்குப் பணம் தந்த மத்திய அரசு வாரியம். 2023-இல் வந்த சட்டத்தால் அது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது, இப்போது ஏஎன்ஆர்எஃப் என்கிறார்கள். செர்ப் காலத்தில் பன்னாட்டுப் பயண உதவித் திட்டம் என்று ஒன்று இருந்தது. கட்டுரை வாசிக்கப் போகும் இளம் ஆய்வாளருக்குக் மிகக் குறுகிய வழித்தடத்தில் எகானமி விமானக் கட்டணம், விமான நிலைய வரி, விசாக் கட்டணம், பதிவுக் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். தங்குமிடமும் சாப்பாடும் அடங்காது. இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா, வயது வரம்பு என்ன, எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை ஏஎன்ஆர்எஃப் தளத்தில் பார்த்துவிட்டு அதன்படி நாளைக் கணக்கிடுங்கள். மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வுக் குழுவான சிஎஸ்ஐஆருக்கும் தனியாகப் பயண உதவி உண்டு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: உயிரியல்காரர்கள் உயிரித் தொழில்நுட்பத் துறையின் திட்டத்தைப் பாருங்கள். சமூக அறிவியலில் இருப்பவர்களுக்குச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆர், அதில் வெளிநாட்டில் தரவு திரட்டப் போகும் பிஎச்டி மாணவர்களுக்கும் உதவி உண்டு. கணினி அறிவியல் என்றால் அந்தத் துறைச் சங்கங்களான ஏசிஎம் இந்தியாவும் ஐஏஆர்சிஎஸும் சேர்ந்து தரும் பயண உதவி இருக்கிறது. இயற்பியல், கணிதம் படிப்பவர்கள் இத்தாலியில் திரியெஸ்தே நகரத்தில் இருக்கும் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையமான ஐசிடிபியை மறக்க வேண்டாம். 1964-இல் அப்துஸ் சலாம் தொடங்கியது. அங்கே பள்ளிகளுக்கும் பயிலரங்குகளுக்கும் பதிவுக் கட்டணமே கிடையாது, வளரும் நாட்டுக்காரர்களுக்குப் பயணத்துக்கும் ஓரளவு தருவார்கள்.

இனி உங்கள் நிறுவனம். "ப்ராஜெக்டில் பணம் இல்லை" என்ற பதிலோடு நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். கைடு பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ப்ராஜெக்ட் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. கருவி, பொருள்கள், ஆள் சம்பளம், பயணம், கன்டின்ஜென்சி என்னும் சில்லறைச் செலவு, ஓவர்ஹெட் என்னும் நிறுவனப் பங்கு என்று ஹெட் ஹெட்டாக, அதாவது செலவுத் தலைப்பு வாரியாகப் பிரிந்திருக்கும். அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் பயண ஹெட். அதில் வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுமதி இல்லாமலும் இருக்கலாம். "சார், கன்டின்ஜென்சியில் பதிவுக் கட்டணம் மட்டும் போட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஓவர்ஹெட் தொகை நிறுவனத்துக்குப் போகிறது, அதிலிருந்து மாணவர் பயணத்துக்கு ஒதுக்கும் வழக்கம் உண்டா என்று டீன் அலுவலகத்தில் கேளுங்கள். பிஎச்டி முடிப்பதற்குள் ஒருமுறை வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பும் திட்டம் ஐஐடிகள் பலவற்றில் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் குறைவு, ஆனால் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் சொந்த ஃபெலோஷிப்பையும் பாருங்கள். யூஜிசியின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு ஃபெலோஷிப்) என்றால் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000. அதோடு அறிவியல் மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு 12,000, அதன் பிறகு 25,000 என்று ஆண்டுதோறும் கன்டின்ஜென்சி உண்டு. பலர் அதைப் பிரிண்ட் எடுக்கவும் பேனா வாங்கவும் கரைத்துவிடுகிறார்கள். பயணம் வரும் ஆண்டில் அதைக் கட்டிக் காக்க வேண்டும். பிரதமர் ஆய்வு ஃபெலோஷிப்காரர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு மானியம் இருக்கிறது, அவர்களுக்கு இந்தப் பதிலே தேவைப்படாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கைப்பணம் போடாமல் போவது எப்படி?

மத்திய அரசுப் பணத்தில் பறப்பவர்கள் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாக டிக்கெட் எடுக்க வேண்டும். ஏர் இந்தியா கைமாறிய சமயத்தில் வந்த விதி. மாணவர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றும், வெளியே இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று. ஆனால் இதற்குள் ஒரு நல்லது ஒளிந்திருக்கிறது. இந்த முகவர்களிடம் நிறுவனங்கள் கணக்கு வைத்திருப்பது வழக்கம். அலுவலகமே டிக்கெட் எடுத்து, பில் நேராக அலுவலகத்துக்கே போய்விடும். உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. ஆகவே ஒப்புதல் கடிதம் வந்ததும் அக்கவுன்ட்ஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "டிக்கெட்டை ஆபீஸே எடுத்துத் தர முடியுமா?" முடியாது என்றால் அடுத்தது: "முன்பணம் கிடைக்குமா?" இந்த இரண்டு கேள்விகளையும் வாயால் மட்டும் கேட்காதீர்கள், எழுத்தில் கொடுத்து, கடிதம் வந்து சேர்ந்ததற்கான இன்வர்டு எண் வாங்குங்கள். அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

மாநாட்டுக்காரர்களிடமும் இதையே கேளுங்கள். உதவித்தொகையைப் பின்னால் தருவதற்குப் பதிலாகத் தங்கும் அறைக்கு நேராகக் கட்டிவிட முடியுமா, பதிவுக் கட்டணத்தை வாங்கித் திருப்பித் தருவதற்குப் பதிலாக வாங்காமலே விடமுடியுமா என்று. சிறிய மாநாடுகளில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். வசதியான நாட்டு மாணவர்களும் கேட்கிறார்கள்.

ஒரே இடத்தில் முழுப்பணமும் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். என் கணக்கில் வியன்னாவுக்கு ஒரு வாரம் போய்வர ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆகும். பதிவு மாநாட்டுக்காரர்களுடையது, டிக்கெட் அரசுத் திட்டத்துடையது, தங்கல் கன்டின்ஜென்சி, சாப்பாடு உங்களுடையது என்று பிரித்தால் மலை மாதிரி நிற்கும் தொகை மேடாகிவிடும். ஒன்று மட்டும் நேர்மையாக இருக்க வேண்டும்: ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பில் போடக் கூடாது. எங்கெங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சொல்லிவிடுங்கள். சொன்னதால் வாய்ப்புப் போகும் என்று பயப்படத் தேவையில்லை. பாதிப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று காட்டும் மாணவருக்கு மீதியைத் தர யாருக்கும் மனம் வரும்.

விண்ணப்பக் கடிதத்தில் பலர் குடும்பக் கஷ்டத்தை ஒரு பக்கம் எழுதுகிறார்கள். இரண்டு வரி போதும். குழு பார்ப்பது, இந்த ஆள் அங்கே போனால் என்ன கிடைக்கும் என்பதைத்தான். உங்களுக்குச் சொல்ல நல்ல விஷயம் இருக்கிறது. நம் சித்தூர் தாலுகா பாலக்காட்டின் மழை மறைவுப் பகுதி. கேரளம் என்றால் மழை என்று நினைக்கும் ஐரோப்பியருக்கு இதுவே புதிது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தாகி 1958-இலிருந்து செல்லுபடியாகும் ஒப்பந்தம். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளுக்கும் கிணற்று மட்டத்துக்கும் உள்ள உறவை நீங்கள் அளக்கிறீர்கள் என்றால், இரு மாநில எல்லையில் பகிர்ந்துகொள்ளும் நீரைப் பற்றிய வேலை அது. எந்த அமர்வில் வாசிக்கப் போகிறீர்கள், அங்கே யாரைச் சந்திக்க வேண்டும், திரும்பி வந்து உங்கள் ஆய்வில் எந்த அத்தியாயம் மாறும் என்று எழுதுங்கள். பிறகு ரூபாய்க் கணக்கு ஒரு அட்டவணை. அவ்வளவுதான் கடிதம்.

அப்புறம் பிரான்ஸ். மாநாடா ஆய்வகமா, ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால் ஆய்வகத்தையே எடுங்கள். மாநாட்டில் ஒரு போஸ்டர் முன்னால் ஓர் அந்தி நேரம் நிற்பீர்கள், அல்லது பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுவீர்கள். ஆய்வகத்தில் இரண்டு மாதம் ஒரு கருவியைப் பிரித்துப் போட்டுப் பூட்டக் கற்பீர்கள். அந்தக் கை நம் ஊருக்குத் திரும்பி வரும். இது என் கருத்து, கைடு வேறு சொன்னால் அவரிடம் வாதாடிப் பாருங்கள்.

அதற்கான நல்ல வழி ராமன் சார்பாக் ஃபெலோஷிப். 1930-இல் நோபல் பெற்ற சி. வி. ராமன், 1992-இல் பெற்ற ழார்ழ் சார்பாக் ஆகிய இருவர் பெயரிலும் 2013-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் பிஎச்டி பதிவு செய்தவர்கள் பிரான்சில் சில மாதங்கள் ஆய்வு செய்ய மாதாந்திர உதவித்தொகை தருகிறார்கள். அழைக்கும் ஆய்வகத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும், அது உங்களிடம் ஏறக்குறைய இருக்கிறது. அழைப்பு எப்போது வரும் என்று, இதை நடத்தும் இந்திய பிரெஞ்சு ஆய்வு மையமான செஃபிப்ராவின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த ஆய்வகத்துக்கும் எழுதுங்கள்: "உங்கள் நிதியில் பயிற்சி மாணவருக்குத் தங்குமிடமாவது கிடைக்குமா?" அமெரிக்காவுக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் போக ஃபுல்பிரைட் நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப் இருக்கிறது. அதற்கு விமான டிக்கெட்டும் அவர்களுடையது. மூன்றாம் ஆண்டில் யோசியுங்கள். எம்எஸ்சி படிக்கும் தம்பி தங்கைகள் வெளிநாட்டைப் பற்றி நினைப்பதற்கு முன்னால் இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் வேலை, கையில் உதவித்தொகை, ரயில் கட்டணமும் கிடைக்கும். நீங்களும் அதற்கிடையில் கோழிக்கோடு நீர்வள மையத்தில் ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வாருங்கள், ஒரு ரயில் டிக்கெட் செலவுதான்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் வரும் சில சிக்கல்கள் இருக்கின்றன, வெளியார் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

முதலில் பெயர். நம் சான்றிதழ்களில் பெயரோடு இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். மாநாட்டு அழைப்புக் கடிதம், டிக்கெட், காப்பீடு மூன்றும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். மாநாட்டில் பதிவு செய்யும்போதே அந்தப் பெயரைக் கொடுங்கள். கட்டுரையில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அடுத்தது விமான நிலையம். கொழிஞ்சாம்பாறைக்குக் கோயம்புத்தூர்தான் பக்கம், கொச்சியின் நெடும்பாசேரி இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். ஆனால் கேரளப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவருக்கு வேறு மாநிலத்திலிருந்து ஏன் புறப்பட்டாய் என்று சந்தேகம் வரும். "அருகிலுள்ள விமான நிலையம் கோயம்புத்தூர்" என்று முன் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு எழுதிக் கொடுத்தால் எடுபடாது.

விசாவுக்கு எந்தத் தூதரகம் என்பது நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. பாஸ்போர்ட் முகவரி கேரளம், தங்கிப் படிப்பது கோயம்புத்தூர் என்றால் வசிப்பிடச் சான்று ஒன்று ஹாஸ்டலிலிருந்து வாங்கி வையுங்கள். வில்லேஜ் ஆபீஸ் வருமானச் சான்று மலையாளத்தில் இருந்தால் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

விசா என்றதும் இன்னொன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆனால் அறிவியல் மாநாட்டுக்கோ ஆய்வுக்கோ போகும் ஆய்வாளருக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று அவர்களின் விசாச் சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். கவுன்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். மாநாட்டு அழைப்பையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் நீட்டி நீங்கள்தான் கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். ஏப்ரல் பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அதன் ரசீதையும் பில்லோடு வைக்கலாம்.

உங்கள் மெயிலுக்குப் போலி மாநாட்டு அழைப்புகளும் வரும். "உங்கள் மதிப்புமிக்க ஆய்வைப் பார்த்து வியந்தோம்" என்று தொடங்கும், துறை எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும், சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம் என்பார்கள், உடனே பணம் கட்டச் சொல்வார்கள். கைடிடம் காட்டாமல் ஒரு பைசா கட்டாதீர்கள்.

போய்வந்த பின் வேலை: போர்டிங் பாஸ் ஒவ்வொன்றையும் விமானத்தில் ஏறும் முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள், திரும்பும் வழியிலும் அப்படியே. அறை ரசீதில் பாஸ்போர்ட் பெயர் இருக்கட்டும். பணம் மாற்றிய ரசீது, ஃபாரெக்ஸ் கார்டு ஸ்டேட்மென்ட், கலந்துகொண்ட சான்றிதழ் எல்லாம் ஒரே உறையில். திரும்பி வந்த வாரத்திலேயே பில் போடுங்கள், மார்ச் 31 குறுக்கே வந்தால் கோப்பு அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

இப்போதைக்கு உங்கள் வேலை சுருக்கம் ஒன்றுதான். முந்நூறு சொல்லுக்குள் எழுதி, டிசம்பர் கெடுவுக்குப் பத்து நாள் முன்னால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலந்தாவளத்தில்தான் இருப்பேன், அப்பாவையும் கூட்டி வாருங்கள். கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன்.